பல்லக்குத் தூக்கிய ஆறு பேர்

உள்ளறையில் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. "இன்னா சிட்டு, படம் ஓடுதா? சத்தமே காணோமே!"

"ஊமைப் படம்ணா. உன்ன மாதிரி தொணதொணன்னா பேசிக்கினு இருக்கும்?" என்றாள் சிட்டம்மாள்.

அண்ணன் வீராசாமிக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பார்வை போய் இரண்டு வருடம். பத்து வயது இளையவளான சிட்டம்மாள், தாயின் வயிற்றில் இருக்கும்போதே தகப்பனை இழந்தவள். திருப்புலிவனத்தில் ஊரார் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவள். ஆடி அமாவாசைக்கு நிலக்காரர் வீடுகளில் செத்தவர் போட்டோவுக்குப் படைப்பார்கள். அவளோ ஒரு சொம்புக்குப் பொட்டு வைத்துப் படைப்பாள். பெற்றவரின் முகம் எப்படி இருக்கும் என்று ஏங்கி அழாத வருடமில்லை.

இன்று அந்த முகம் வீடு தேடி வந்திருந்தது. வாலிப வயதில், ஓரிக்கைப் பாலாற்று மணலில் எடுத்த ஊமைப் படமொன்றில் அப்பா பல்லக்குத் தூக்கியிருந்தார். காணாமல் போயிருந்த அந்தப் படத்தைக் கண்டெடுத்துப் புதுப்பித்தவர்களில் ஒருத்தியான ஏஞ்சல், சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் பல்லக்கு வந்தது. ஏஞ்சல் படத்தை நிறுத்தினாள்.

"அண்ணா, ஆறு பேரு கீறாங்க. நைனா யாரு?"

"எடது கன்னத்துல அருவா பட்ட தயும்பு. சின்ன வயசுலயே பட்டது. கண்ணுலேர்ந்து தாடை வரிக்கும் நேர்கோடு. பாரு!"

பார்த்தாள். ஆறு கன்னங்களும் வழவழவென்று இருந்தன. மறுபடியும் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் இல்லியே கண்ணு!" என்றாள் ஏஞ்சலிடம் மெதுவாக.

ஏஞ்சலின் முகம் வெளுத்தது. "அம்மா... ஃபிலிம்ல விழுந்த கீறல்னு நெனச்சு, நாங்கதான் அழிச்சிட்டோம் போல."

"திரும்பப் போட்டுடும்மா. உன் காலுல வேணாலும் வுயறேன்."

"ஐயோ அம்மா! சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எல்லார் முகத்துலயும் கோடுதான். எது கீறல், எது தழும்புன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆறு பேரையும் போட்டோ போட்டுத் தரட்டுமா?"

"ஒரு பொண்ணுக்கு ஆறு அப்பனா, தாயி?"

"இன்னா, கெடச்சாரா?" என்றது உள்ளறை.

சிட்டம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். விம்மல் அடங்க நேரமாயிற்று.

"கெடச்சாருண்ணா. தயும்பு அப்பிடியே கீது."

"மூக்கு? என்னுதா, உன்னுதா?"

"உன்னுதுதான். அதே சப்ப மூக்கு."

கிழவர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த ஏஞ்சலை, சிட்டம்மாள் இரு கைகளையும் கூப்பித் தடுத்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி தெருவில் இறங்கினாள். சிட்டம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.