மாடி வீட்டு வாக்யூம் கிளீனர்

தையல்காரியின் வீட்டில் தரையெல்லாம் நூல் துணுக்கு. அதை இழுக்க அவள் வைத்திருந்த வாக்யூம் கிளீனர் விலை மலிவு, போடும் கூச்சலோ ஊரைக் கூட்டும். மாடியில் இருந்த ஓர்ப்படி, அதாவது கணவனின் அண்ணன் மனைவி, மூன்று மடங்கு விலையில் ஒன்றை வாங்கி வந்தாள். அது பூனை மாதிரி ஓசையில்லாமல் ஓடியது. அன்றிலிருந்து இவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"அக்கா, எது நல்லா இழுக்குதுன்னு பார்த்துடலாமா?" என்று தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஓர்ப்படியின் கம்பளத்தில் முதலில் அவளுடையதை ஓட்டச் சொன்னாள். பிறகு அதே இடத்தில் தன்னுடையதை ஓட்டி, டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பிடி தூசி.

"பாருங்க, உங்களோடது விட்டுவச்சது!"

இரண்டாவதாக எதை ஓட்டினாலும் கொஞ்சம் தூசி வரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

ஓர்ப்படியின் முகம் சுண்டிப்போனது. "எனக்கு ஏற்கெனவே தும்மல் தொல்லை. நீ இதை எடுத்துக்கோ, உன்னோடத எனக்குக் குடுத்துடு."

தையல்காரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் புது மெஷின் அவள் வீட்டு நூலையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கியது. அந்த அமைதியில், மாடியில் பழைய மெஷின் போடும் இரைச்சல் கணீரென்று கேட்டது. அவள் கை நின்றது.

'என்கிட்ட இருந்தப்போ அது இவ்வளவு வேகமா ஓடலையே!'

மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.