ரூஹியின் நெற்றியும் ஒரு பர்மா முட்டையும்

ஹுமாயூன் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு ஏற்றி இறக்குகிறவர். கிரேன் சங்கிலியில் தகடு தொங்கி வரும்போது அது சுழன்றுவிடாமல் ஓரத்தைப் பிடித்து லாரிக்குள் நடத்திவிட வேண்டும். தகடு ஆள் பார்த்து இறங்குவதில்லை. அதனால் உடம்பில் தையல் இல்லாதவரை அந்தச் சந்தையில் புதுசு என்பார்கள். ஹுமாயூனுக்கு இரண்டு காலிலும் தையல் உண்டு.

முதல் தையல், வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே விழுந்தது. தகட்டின் முனை பாதத்தில் இறங்கி, செருப்பெல்லாம் ரத்தம். அவர் குனிந்து பார்ப்பதற்குள் கூட்டாளி ஸ்டானிஸ்லாஸ் அவருடைய காலரைப் பிடித்து, என் டிபன் பாக்ஸில் இருந்த மீனை எடுத்தது நீதானே என்று கேட்டார். ஹுமாயூன் அந்த மீனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆட்டோவில் போகும்போதும் அதே சண்டை. டாக்டர் ஊசியும் நூலுமாகக் குனிந்தபோதும் அதே சண்டை. எல்லாம் முடிந்து கட்டுப் போட்ட பிறகு ஸ்டானிஸ்லாஸ் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போய், இவன் மீனை எடுக்கவில்லை என்று அங்கிருந்த நாலு பேரிடமும் சொன்னார்.

சந்தையின் முதலுதவி அதுதான் என்பது ஹுமாயூனுக்கு அப்போதுதான் விளங்கியது. அடிபட்டவனிடம் அடியைப் பற்றிப் பேசக் கூடாது. பொய்யாக ஒரு பழியைப் போட வேண்டும். உண்மையான பழி என்றால் ஆள் துவண்டுவிடுவான். பொய்ப் பழிக்குத்தான் முதுகு நிமிரும், வலி மறக்கும். பிறகு அந்தப் பழியை நாலு பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் புண் ஆறாது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

அவர் மனைவி ஷம்ஷாத் நம்பவில்லை. ஒருமுறை மீன் ஆயும்போது அவள் விரலை அறுத்துக்கொண்டாள். ஓடி வந்த கணவர், என் போனை எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்டார். அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை. மறுநாள் பேசியதும் ஒரே வாக்கியம்தான். "சந்தப் புத்திய சந்தையிலயே வுட்டுட்டு வூட்டுக்கு வாங்க." அவரும் அப்படியே வந்துகொண்டிருந்தார்.

இவர்களுடைய ஒரே மகள் ரூஹி. ஐந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டையில் அவர்கள் தெருவின் அடிபம்பில் ஷம்ஷாத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். குடத்தைப் பிடிக்கிறேன் என்று வந்த ரூஹி பாசியில் வழுக்கி, பம்பின் மூக்கில் போய் மோதினாள். இடது புருவத்துக்கு மேலே நெற்றி பிளந்தது. குடத்துத் தண்ணீர் சிவந்தது. அந்தக் குடத்தை ஷம்ஷாத் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டர் இளம்பெண். நாலு தையல் என்றார். கண்ணுக்குப் பக்கம் என்பதால் குழந்தை அசையவே கூடாது. அசைந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மயக்க மருந்து கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார். மயக்க மருந்து என்றதும் ஷம்ஷாத்தின் முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று.

அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த ரூஹி ஊசியைப் பார்த்துவிட்டாள். உதடு பிதுங்கியது. கை கால் விறைத்தது. ஹுமாயூன் மனைவியின் உத்தரவை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். பிறகு மகளிடம் குனிந்தார்.

"நேத்து பர்மா கடைலேர்ந்து வாங்கியாந்தேனே மசாலா முட்ட, என் பங்க நீதானே துன்ன?"

வரவிருந்த அழுகை நின்றது. "நான் துன்னல."

"பொய் சொல்லாத. வாய்ல பூண்டு வாசன அடிக்குது."

"அது உன் வாய்லதான் அடிக்குது."

நர்ஸ் மதி திரும்பிப் பார்த்தார். குடித்துவிட்டு வரும் அப்பன்களையும், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழும் அப்பன்களையும், போனில் படம் பிடிக்கும் அப்பன்களையும் அந்த அறையில் அவர் பார்த்திருக்கிறார். முட்டைக்குக் கணக்குக் கேட்கும் அப்பனை அன்றுதான் பார்த்தார். "கொழந்தைக்கு நெத்தி பொளந்து கெடக்குது, உனக்கு முட்ட கேக்குதா? வெளிய போய்யா" என்று கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார்.

ஷம்ஷாத் பேசியிருக்கலாம். ஆனால் அவளே கூடாது என்று சொன்ன ஒன்றுக்கு அவளே எப்படி வக்காலத்து வாங்குவாள்?

மரத்துப்போகும் ஊசி போட்டாயிற்று. அதை ரூஹி பொருட்படுத்தவில்லை. அவளுடைய வழக்கு கதவுக்கு வெளியே போய்விட்டது. "அத்தா, நான் துன்னல" என்று கதவுப் பக்கமே தலையைத் திருப்பினாள். நேராக்கிப் படுக்க வைத்தால் மறுபடி திருப்பினாள். டாக்டர் கையை எடுத்துக்கொண்டு, இது சரிப்படாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடலாம் என்றார்.

ஷம்ஷாத் மகள் மேல் பழி போட வாயைத் திறந்தாள். பெற்ற வாய். பழி வரவில்லை, விசும்பல்தான் வந்தது. கடைசியில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்களாச்சும் அவகூட சண்ட போடுங்க."

மதி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஊசியைப் பார்த்தார். மதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீதான் துன்ன. நான் பாத்தேன்."

ரூஹியின் தலை தானாக நேரே வந்தது. "நீ எங்கேர்ந்து பாத்த?"

"உங்க வூட்டு ஜன்னல்லேர்ந்து."

"எங்க வூட்ல ஜன்னலே கெடையாது."

முதல் தையல் விழுந்தது. கோபப்படலாம், புருவத்தை மட்டும் நெரிக்கக் கூடாது என்றார் டாக்டர். ரூஹி மூக்குக்குக் கீழே மட்டும் கோபப்பட்டாள். மதி விடவில்லை, ஜன்னல் இல்லையென்றால் கதவு, கதவில்லையென்றால் மாடிப்படி என்று சாட்சி சொல்லிக்கொண்டே போனார். நாலாவது தையலுக்கு நூலைக் கத்தரித்தபோது ரூஹி மதியுடைய அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள், புகார் சொல்வதற்காக.

வெளியே பெஞ்சில் ஹுமாயூன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கி சட்டையில் சொட்டியது. காவலாளி பயந்துபோய், கொழந்தைக்கு இன்னா ஆச்சு என்று விசாரித்தார்.

"சண்ட போடுது" என்றார் ஹுமாயூன். "நல்லா போடுது."

மகள் வெளியே வந்ததும், காத்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் அவர் பழியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முட்டையைத் தின்றது நான்தான் என்றார். தெரியும் என்றாள் ரூஹி. பழியை ஏன் திரும்ப வாங்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் சொன்னார்.

தையல் பிரிக்கும் நாளும் வந்தது. காயம் ஆறியிருந்தது, ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அது சாதாரணம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரூஹிக்குத் தெரிந்த காரணம் வேறு. மதி சின்னக் கத்தரிக்கோலோடு வந்தபோது இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டாள். சாக்லேட் தருகிறேன் என்றார் மதி. கை விலகவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஹுமாயூன் மதியின் பழைய உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நீ பாக்கலன்னு சொல்லு" என்றாள் ரூஹி.

மதிக்கு நினைவு வரச் சற்று நேரமாயிற்று. "பாக்கல" என்றார்.

"அவங்களுக்கும் சொல்லு."

மதி கத்தரிக்கோலைத் தாழ்த்தி வரிசையின் பக்கம் திரும்பினார். கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு முட்ட துன்னத நான் பாக்கல. இது துன்னவே இல்ல."

ரூஹி கையை எடுத்து நெற்றியைக் காட்டினாள். மதி முதல் நூலை வெட்டுவதற்கு முன் வாசலைப் பார்த்தார்.

"நீயும் உள்ள வாய்யா" என்றார்.