தூணுக்குப் பின்னால் படுத்திருந்தவர்

இன்று இரவு தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் முறையாக இருட்டில் படம் எடுத்தேன். ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்தால் ஓடும் வண்டிகள் வெறும் வெளிச்சக் கோடுகளாகிவிடும். அதற்காகத்தான் போனேன்.

ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார்.

"என்னப்பா, ரீல்ஸா? யாரைக் கேட்டு ஸ்டாண்டு போட்ட?"

"சும்மா கத்துக்கிறேன் சார்."

"காட்டு."

காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"தூணுக்குப் பின்னாடி யாரோ படுத்திருக்கான் பாரு."

நான் கவனிக்கவே இல்லை. கண்ணுக்கு அங்கே இருட்டுதான். முப்பது விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்ட கேமராவுக்கு அவர் தெரிந்துவிட்டார்.

போலீஸ்காரர் போய் லத்தியால் தூணைத் தட்டினார். "ஏளு, ஏளு" என்று கன்னடத்தில் எழுப்பினார். "எத்தன வாட்டிடா சொல்றது, இங்க படுக்காதன்னு?"

அந்த ஆள் எழுந்தார். போர்வையைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் நின்றார்.

"படம் நல்லா வந்துச்சா தம்பி?"

கேலியா என்று முகத்தில் தெரியவில்லை. "வந்துச்சுண்ணா" என்றேன்.

போலீஸ்காரர் என்னிடம், "நீயும் வீட்டுக்குப் போப்பா" என்றார். எனக்கு வீடு இருந்தது. வந்துவிட்டேன்.

படம் எங்கே என்று கேட்பீர்கள். இங்கே போடவில்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது.