மாமா வாங்கி வந்த மல்லிகை

என் பெரிய மாமா ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். ஆள் நடமாட்டம் குறைந்ததும் வராந்தா விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அவருடைய கஞ்சத்தனம்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு கஞ்சப் பிரம்மச்சாரி பெண் தேடி அலையும் நகைச்சுவைத் தொடர் வரும். சொந்தமாக டிவி வாங்க மனசு வராத மாமா, அதைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் கஞ்சன் அவமானப்படும்போதெல்லாம் வீடே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார், தனக்குச் சம்பந்தமே இல்லாதது போல.

மாடியில் குடியிருந்த மிஷன் பள்ளிக்கூட டீச்சரும் தொடர் பார்க்க வருவார். மாமாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள ஆசை என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீச்சரின் சபையில் நகை போட மாட்டார்கள். அண்ணனுக்கென்றே அளவெடுத்துச் செய்த பெண் என்பாள் அம்மா.

ஒரு வாரம் தொடரில், எனக்கு ஒரு முழம் பூவாவது வாங்கிக் கொடுத்ததுண்டா என்று கதாநாயகி கஞ்சனைக் கேட்டாள். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

மறுவாரம் முகூர்த்த நாள். மல்லிகை விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கே போய், பேரம் பேசாமல் தொடுத்த பூவாக வாங்கி வந்து, வாழையிலைப் பொட்டலத்தை டீச்சர் முன்னால் நீட்டினார்.

"எங்க சபையில பூ வைக்க மாட்டோம் சார்," என்றார் டீச்சர் மெதுவாக.

பூ வாங்கியே பழக்கமில்லாத மனிதர், யார் தலையில் பூ இருக்கிறது, யார் தலையில் இல்லை என்று எங்கே கவனித்திருப்பார்? நீட்டிய கை அப்படியே என் பக்கம் திரும்பியது.

"ஒங்களுக்கில்ல டீச்சர். பாப்பாவுக்குத்தான் வாங்கியாந்தேன்."

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அழகர்கோவிலில் எனக்கு மொட்டை போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தலையில் முடியே இல்லாத பிள்ளைக்கு யாராவது பூ வாங்குவார்களா என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. சரத்தைக் கழுத்தில் மாலையாகச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மாமா லாட்ஜில் வேலை இருப்பதாகச் சொல்லி, தொடர் ஆரம்பிக்கும் முன்பே கிளம்பினார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது; அன்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு டீச்சரும் அதிகம் சிரிக்கவில்லை. தொடர் முடிந்து எழுந்தவர், என் கழுத்திலிருந்து தரையில் உதிர்ந்து கிடந்த ஒற்றைப் பூவைக் குனிந்து எடுத்தார்.

குப்பைக்கூடை அடுப்படியில் இருக்கிறது என்று நான் கைகாட்டினேன். டீச்சர் அந்தப் பக்கம் போகவில்லை. கையை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மாடியிலும் ஒரு குப்பைக்கூடை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.