குல்மொஹருக்காக ஒரு மனு

மனு எழுதுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முப்பத்திரண்டு வருடம் பிம்ப்ரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் திருத்துவதற்கு நோட்டுகள் இல்லாமல் போயின, ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு மனு, குப்பை வண்டி இரண்டு நாள் வராவிட்டால் இன்னொரு மனு. நான் குடியிருப்பது புனேயின் ஓரத்தில், இன்னும் மாநகராட்சிக்குள் சேர்க்கப்படாத ஒரு சின்ன ஊரில். அதற்கென்று ஒரு நகர்மன்றம் உண்டு. அங்கே மனு வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் கிளார்க், தூரத்தில் என் குடையைப் பார்த்தாலே முத்திரையை மையில் ஒற்றி எடுத்து வைத்துக்கொள்வார்.

அந்த ஜன்னலில் நான் கொடுத்த மனுக்களில் முக்கால்வாசி எங்கே போயின என்றே தெரியாது. ஒன்றே ஒன்று பலித்தது. அது பலிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இந்த மழைக்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கேட்டை ஒட்டி, நடைபாதையில் ஒரு குல்மொஹர் நிற்கிறது. மே மாதம் பூத்துவிட்டால் இலையே கண்ணுக்குத் தெரியாது. அதன் அடியில் ஒரு தமிழ்த் தம்பதி மேசை போட்டு இஸ்திரி போட்டார்கள். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். கணவர் பெட்டியைப் பிடிப்பார், மனைவி வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வந்து, தேய்த்ததை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. புனேயின் கட்கியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நாலு பக்கமும் தமிழ் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஊரில் கேட்டைத் திறந்ததும் தமிழ் பேச ஆள் இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மனைவி என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். சேலைகளை அவள் மடித்துத் தரும் அழகுக்காகவே நான் வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்த மரத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டீஸ் மாட்டியிருந்தார்கள். மரம் அபாயகரமாக இருப்பதாகவும், அதை வெட்ட அனுமதி கேட்டு உள்ளூர்வாசி ஒருவர் விண்ணப்பித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் மராத்தியில் எழுதியிருந்தது. அந்த உள்ளூர்வாசி யார் என்று நோட்டீஸில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு மொபைல் கடை வந்திருந்தது. அதன் போர்டை மரம் மறைத்துக்கொண்டிருந்தது. வேறு யாராக இருக்கும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று மத்தியானம் தூங்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ஆட்சேபம் எழுதினேன். பொந்தில் குடியிருக்கும் கிளிகளைப் பற்றி எழுதினேன், அணில்களைப் பற்றி எழுதினேன், ஏப்ரல் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் நிழலைப் பற்றி எழுதினேன். கடைசிப் பத்தியில், "இம்மரம் முழு ஆரோக்கியத்துடன் உள்ளது, இதனால் எவருக்கும் எவ்வித ஆபத்தும் இல்லை" என்று முடித்தேன். அந்த வாக்கியம் கம்பீரமாக இருந்தது. வாய்விட்டு ஒரு தடவை படித்தும் பார்த்துக்கொண்டேன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது என்ன நிறத்தில் பூக்கும் என்பதுதான். எழுதுவதற்கு முன் நான் அதன் அடியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் விசாரணைக்கு அழைப்பு வந்தது. காலை பதினோரு மணிக்கு நகர்மன்றக் கூடம். நல்ல கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மேலே நாலு மின்விசிறிகள், அதில் இரண்டு சுற்றின. தலைவர் விஷய எண்ணைப் படிப்பார். உறுப்பினர்கள் தலையைத் தூக்காமலே "மஞ்சூர்" என்பார்கள், அவ்வளவுதான், அது நிறைவேறிவிட்டது. கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்துக்கு டீசல் வாங்குவது மஞ்சூர். பொதுக் கழிப்பறைக்குப் புதுக் கதவு மஞ்சூர். சுடுகாட்டுக் கூரைக்குத் தகடு, அதுவும் மஞ்சூர். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவராக எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்ற முகம்தான் எல்லோருக்கும்.

மரம் பதினோராவது விஷயமாக வந்தது. விண்ணப்பதாரர் வந்திருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆட்சேபம் தெரிவித்தவர் யார் என்றதும் நான் எழுந்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் இரண்டு பக்கத்தையும் படித்தேன். கிளிகள் வந்த இடத்தில் ஒரு உறுப்பினர் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும் தலைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஆட்சேபம் மஞ்சூர், மரம் வெட்ட அனுமதி இல்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் ஜிலீரென்று இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு அரசாங்க மேசை என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வரும்போது, நகர்மன்றத் தோட்டப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் செருப்பு விடும் இடத்தில் என்னை நிறுத்தினார். "மேடம், அடியில் பார்த்தீர்களா?" என்று மராத்தியில் மெதுவாகக் கேட்டார். மொபைல் கடைக்காரன் இவரையும் கையில் போட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பொய்யை அவ்வளவு சுலபமாக எப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூனில் முதல் மழை பெய்தது. இரண்டு நாள் கழித்து, செருப்பில் ஒட்டிய சேற்றை மரத்தின் வேரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அடிமரத்தைச் சுற்றி அப்பளம் அப்பளமாகப் பழுப்பு நிறத்தில் காளான் முளைத்திருப்பதைப் பார்த்தேன். குடைக் காம்பால் பட்டையைத் தட்டினேன். காலி டிரம்மைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. கேபிள் போடுவதற்காகக் கோடையில் தோண்டி மூடிய பள்ளத்தில், வெட்டுப்பட்ட வேர்கள் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பள்ளத்தின் ஓரமாக மண்ணில் ஒரு விரிசல் ஓடியது. காற்று வீசினால் அதில் என் விரல் நுழைந்தது. காற்று நின்றால் மூடிக்கொண்டது. மரம் மூச்சு விடுகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு புரிந்தது, அது ஆடிக்கொண்டிருக்கிறது. சாலைப் பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது. அதன் அடியில் அந்தக் கணவர் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையே நகர்மன்றத்துக்கு ஓடினேன். என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். கிளார்க் முத்திரை குத்தவில்லை. முடிவான விஷயத்தில் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற வழி இல்லை, ஃபைல் மூடியாகிவிட்டது என்றார். விண்ணப்பதாரர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பிறகு நோட்டீஸ், பிறகு ஏழு நாள், பிறகு விசாரணை. மர விஷயங்களை மன்றம் அடுத்து எடுப்பதே மழைக்காலம் முடிந்துதான்.

"அதுக்குள்ள விழுந்துட்டா?" என்று இந்தியில் கேட்டேன்.

விழுந்தால் தீயணைப்பு வண்டிக்கு போன் செய்யுங்கள், உடனே வந்து அப்புறப்படுத்துவார்கள் என்றார். நல்ல மனுஷன், நிஜமாகவே உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். விண்ணப்பதாரரைப் பார்த்துப் பேசுங்கள் என்று ஃபைலை என் பக்கம் திருப்பினார். விண்ணப்பத்தில் பெயர் இருந்தது, எங்கள் தெருதான். தொழில் என்ற இடத்தில் இஸ்திரி என்று எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில், மரத்தின் அடியில் நின்று வேலை செய்கிறோம், அடி மரம் உளுத்திருக்கிறது, பயமாக இருக்கிறது என்று யாரோ மராத்தியில் எழுதிக் கொடுத்ததன் கீழே அவர் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட வேறு காரணம் இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி வந்தேன். கொடுக்கும்போதே கண் மேலே போகும். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன், காலையில் ஜன்னல் வழியாக மேசை தெரிந்தால் ஸ்தோத்திரம் சொல்லுவேன். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

போன வாரம் ஒரு சாயங்காலம் காற்று வித்தியாசமாக அடித்தது. மரத்தின் உள்ளேயிருந்து மளுக்கென்று ஒரு சத்தம் எனக்கு மாடி வரைக்கும் கேட்டது. செருப்புப் போடாமல் இறங்கி ஓடினேன். கணவர் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அவள் என் துணி மூட்டையைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க நிக்காதீங்க. மரத்தை வெட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான்," என்றேன்.

அவள் கொஞ்சம்கூட அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும் டீச்சர். உங்க லெட்டரோட காபி எங்களுக்கும் வந்துச்சு. எம்பொண்ணு படிச்சு சொன்னா."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"என்னாத்த கேக்கறது? நாங்க பயந்துக்கினு அர்ஜி குடுத்தோம். அவுங்க கூப்பிட்ட அன்னிக்கு இவரால வர முடியல, காலைல பதினோரு மணிக்கு கரிய அணைச்சிட்டு எப்படி வர்றது? அப்ப பயந்துக்கினு டேபிள எதிர்ப்பக்கம் செவுத்தோரம் போட்டுக்கினோம். வெயில்ல மண்டை காஞ்சுது. அப்புறம் உங்க லெட்டரு வந்துச்சு. மரம் நல்லா திடமா கீது, யாருக்கும் ஒரு ஆபத்தும் கெடையாதுன்னு டீச்சரே எழுதிக்கீறாங்கன்னு பொண்ணு சொன்னா. பெரிய ஆபீஸ்லயும் ஒத்துக்கினாங்கன்னா சும்மாவா? அதுக்கப்புறம்தான் டேபிளத் திரும்ப இங்க கொண்டாந்தோம்."

மார்ச் வெயிலில் அவர்கள் எதிர்ச் சுவரோரம் நின்றது எனக்கு நினைவிருந்தது. கேபிள் பள்ளத்துக்காக நகர்ந்திருக்கிறார்கள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. தெரியாமத்தான் எழுதிட்டேன். அடி பூரா உளுத்துக் கெடக்கு. நானே பாத்தேன்."

கணவர் ஊதுவதை நிறுத்தினார். அவள் என்னையே பார்த்தாள். "எப்ப பாத்தீங்க?"

"மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா?" அவள் குரல் உயரவில்லை. "எம்பொண்ணு தெனம் சாயந்தரம் அந்த வேர் மேலதான் டீச்சர் குந்திக்கினு படிக்கிது."

அழுகை வந்தது, அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டேன். அவள் அவிழ்த்த மூட்டையைத் திரும்ப முடிச்சுப் போட்டாள். "நீங்க இனிமே வேற எங்கனா குடுத்துக்குங்க," என்று என் கையில் வைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் மேசையைத் தூக்கிக்கொண்டு தூறலில் எதிர்ப்பக்கம் போனார்கள். நான் பிடிக்கப் போனதை அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இப்போது அவர்கள் எதிர்ச் சுவரோரம், நீல பிளாஸ்டிக் ஷீட் கட்டி நிற்கிறார்கள். புது விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், எண் கிடைத்துவிட்டது. மன்றம் கூடும் தேதி இன்னும் வரவில்லை. மேசையை இன்னும் தள்ளிப் போடச் சொல்லி நேற்று அவரிடம் கேட்டேன். "இந்த செவுத்த விட்டா எடம் எது டீச்சர்?" என்றார், பெட்டியை நிறுத்தாமல். அவருக்குப் பின்னால் மகள் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது சாலையைக் காலால் அளந்தேன். கேட்டிலிருந்து அவர்கள் மேசைக்கு இருபத்தாறு அடி இருந்தது. மரம் எங்கள் மூன்றாவது மாடி பால்கனியைத் தாண்டி நிற்கிறது.