உப்புக் கரிக்காத தண்ணீர்

எந்தத் தண்ணீரானாலும் குணசுந்தரி முதலில் விரலை நனைத்து நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பாள். தெருக்குழாய், லாரி, பொன்னேரிச் சந்தையில் டீக்கடைக்காரர் நீட்டும் டம்ளர், எதுவும் தப்பாது. கரித்தால் முகத்தைச் சுளித்து விரலை உதறுவாள். கரிக்காவிட்டால், "நல்ல தண்ணி." அதற்கு மேல் விசாரணை கிடையாது.

மகள் இளவரசிக்கு அந்த விரலைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், அதுவும் வேதியியல். கிருமிக்கு ருசி கிடையாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

பழவேற்காட்டில் அவர்கள் குப்பத்து அடிபம்புத் தண்ணீர் பாதி உப்பேரி. கலங்கலாக வந்து குடத்தின் அடியில் துருவாகப் படியும். இளவரசி படிகாரம் போட்டாள். தெளிந்தது, ஆனால் கரித்தது. "காய்ச்சிக் குடிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் வேலை தேடிப் போன ஒரு நாள், குணசுந்தரி அதையும் செய்து பார்த்தாள். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறியது.

"இன்னாடி படிச்ச நீ? இதுல ரசம் வெச்சா உப்பே போட வேணாம்!"

தெருவே சிரித்தது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது என்று இளவரசி விளக்கினாள்.

"உப்பு போவாதுன்னா இன்னாத்துக்குக் காய்ச்சணும்?"

அடுத்து, டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஆர்.ஓ. மெஷின் வந்தது. மழைக்காலம் வருவதற்குள் அடைத்துக்கொண்டது. "இவ்ளோ உப்ப இது தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். குணசுந்தரி அதன் தலையில் மீன் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

குழாயும் லாரியும் ஏமாற்றிய கோடையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விற்கிற இறாலுக்காக வாங்கும் ஐஸ் பாரில் ஒரு துண்டை உடைத்து, கழுவி, எவர்சில்வர் குடத்தில் உருகவிட்டாள். விரல் வைத்தாள். கரிக்கவில்லை.

"தோ பாரு, உன் மெஷினால ஆவாதது."

"மீனுக்குப் போடற ஐஸும்மா அது! எந்தத் தண்ணில செஞ்சானோ. தரையில இழுத்துன்னு வரான்."

"மீனே கெடாம இருக்குது. நான் கெட்டுடுவனா?"

"இத்தயாவது காய்ச்சு. இதுல உப்பு ஏறாது."

"ஜில்லுனு கெடைக்கறத எவளாவது சூடு பண்ணுவாளா? போடி."

வீட்டில் இருக்கும்போது இளவரசியே காய்ச்சி ஆறவைத்தாள். இன்டர்வியூவுக்குப் போன நாட்களில் அந்தக் குடம் வியர்த்தபடி நின்றது. ஆடியில் குணசுந்தரியின் கண் மஞ்சளானது.

ஐஸ் குடத்தை இளவரசி கவிழ்த்துவிட்டாள். லாரியோ வரவில்லை. படுத்தபடியே குணசுந்தரி பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் ஒரு குடம் தண்ணீர் கைமாற்று வாங்கினாள். அந்தக் குப்பத்தில் தண்ணீர் கைமாற்றுக்கு ஒரு முறை உண்டு. வாங்கிய குடத்திலேயே, வாங்கிய மாதிரித் தண்ணீராகவே திருப்ப வேண்டும். பம்புத் தண்ணீர் செல்லாது.

"எழுந்து வந்து ரொப்பித் தரேன், எல்லம்மா."

"மொதல்ல எழுந்திரு. ஐஸ் ராணி மாதிரி படுத்துன்னு கெடக்காத."

எழவில்லை. காமாலை முற்றிக் கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஐஸ் தண்ணீராலா என்று இளவரசி கேட்டாள். எந்தத் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சந்தை டம்ளராகவும் இருக்கலாம். கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு ஒரு தண்ணீர் அகப்படவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் லாரி வந்தது. இளவரசி எல்லம்மாவின் பச்சைக் குடத்தை நிரப்பினாள். விரல் தானாக நாக்குக்குப் போனது. கரிக்கவில்லை. அதனால் என்ன? குடத்தை வீட்டுக்குள் தூக்கிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

எல்லம்மா வாசலில் வந்து நின்றாள். "இன்னா இளவரசி, ரொப்பினயே, குடத்தக் குடு."

"இரு அத்த, காய்ச்சித் தரேன்."

"காய்ச்சினதா? நான் குடுத்தது பச்சத் தண்ணி. காய்ச்சினா ருசி செத்துடும். உங்கம்மா வாங்கினது மாதிரியே குடு."

"பச்சத் தண்ணி என் கையால குடுக்க மாட்டேன் அத்த."

"அப்ப அவளே வந்து குடுக்கட்டும்" என்றாள் எல்லம்மா. சொன்ன பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பச்சைக் குடம் இன்னும் இளவரசியின் வீட்டில்தான் இருக்கிறது.