பகல் தூக்கமும் பேட்டரி டிரில்லும்

பகலில் தூங்குகிறவனின் கோபம் உங்களுக்குத் தெரியுமா? அப்போது மறைமலைநகர் கம்பெனி ஒன்றின் மெயின்டனன்ஸில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் மாடியில் டிரில் சத்தம். கொய்ங் என்று சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். சுவரை இடிக்காமல் வெறுமனே சுற்றுகிறது என்பது படுத்திருந்த எனக்கே தெரிந்தது. இப்படியே போனால் சாயங்காலம்வரை ஓட்டை விழாது.

"நைட் ஷிப்ட் போறவன் தூங்க வாணாமா?" என்று கத்துவதற்காகவே படியேறினேன்.

கதவைத் திறந்தது புதிதாகக் குடிவந்த பெண். கையில் பேட்டரி டிரில், தூசியில் சிவந்த கண்.

"ரொம்ப சத்தமாண்ணா? மாமனார் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாரு. கைப்பிடி மாட்டணும். எவ்ளோ அமுக்கினாலும் எறங்க மாட்டேங்குது."

கத்த வந்த எரிச்சலோடு டிரில்லை வாங்கிப் பார்த்தேன். ஸ்க்ரூ முடுக்கும் குறியில் இருந்தது. டிரில் கழுத்திலிருந்த வளையத்தை, சுவரை இடித்துக் குடையும் சுத்தியல் குறிக்குத் திருப்பினேன். கண்ணில் தூசி விழாமலிருக்க, அங்கே மாட்டியிருந்த பைக் ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கினேன். தண்ணீர்க் குழாய் போகும் இடத்தை விட்டுத் தள்ளி, இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, அமுக்காமல் ஓட்டினேன்.

தடதடவென்று வீடே அதிர்ந்தது. பழைய சத்தமெல்லாம் இதன் கால் தூசி பெறாது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன்; ஓட்டை விழுந்திருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "யார்ரா அவன்? நைட் ஷிப்ட் போறவன் தூங்க வாணாமா?"

அந்தக் கோபம் எவ்வளவு நியாயம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்! ஆனால் இன்னொரு ஓட்டை பாக்கி இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியை மறுபடி இறக்கினேன்.